தண்ணீர் பத்து டிகிரியைத் தொடும்போது: வசந்தத்தில் ஸ்மால்மவுத் பாஸ்

ஏப்ரல் பிறந்துவிட்டது, மீன் கரையோரம் வந்திருக்கும் என்று நினைத்துப் படகை இறக்குவதுதான் ஸ்மால்மவுத் பாஸ் என்ற வட அமெரிக்க நன்னீர் வேட்டை மீனைப் பிடிக்கப் போகிறவர்கள் வசந்தத்தில் செய்யும் முதல் தவறு. இந்த மீன் தேதி பார்த்து நகர்வதில்லை, தண்ணீரின் சூட்டைப் பார்த்து நகர்கிறது. ஒரே ஏரியில் ஒரு மூலையில் கூடு கட்டத் தொடங்கியிருக்கும். பத்து கிலோமீட்டர் தள்ளி இன்னொரு மூலையில் குளிர்காலம் கழித்த குழியைவிட்டே கிளம்பியிருக்காது. அதனால் தூண்டில் பெட்டியில் முதலில் இருக்க வேண்டியது ஒரு நல்ல வெப்பமானி. பொய் இரைகளெல்லாம் அதற்கு அடுத்தபடிதான்.

இங்கே எழுதுவது வட அமெரிக்கப் பேரேரிகளுக்குப் பொருந்தும். குறிப்பாக, அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்துக்கும் கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்துக்கும் நடுவே கிடக்கும் செயின்ட் கிளேர் ஏரியை மனதில் வைத்து எழுதுகிறேன். பரப்பு சுமார் 1,100 சதுர கிலோமீட்டர். ஆனால் சராசரி ஆழம் மூன்றரை மீட்டர்கூட இல்லை. இயற்கையான அதிகபட்ச ஆழமே ஆறரை மீட்டர் அளவுதான். கப்பல் போவதற்காகத் தோண்டிய கால்வாய் மட்டும் எட்டு மீட்டருக்குச் சற்று மேலே இருக்கும். வடக்கே ஹியூரான் ஏரியிலிருந்து செயின்ட் கிளேர் ஆறு வழியாகத் தண்ணீர் வந்து, தெற்கே டெட்ராய்ட் ஆறு வழியாக ஈரி ஏரிக்குப் போகிறது. ஆழமில்லாத பெரிய தாம்பாளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெயில் அடித்தால் சீக்கிரம் சூடாகும், வாடைக்காற்று அடித்தால் சீக்கிரம் குளிரும். அதனால்தான் வசந்தத்தில் இந்த ஏரியில் வெப்பமானி இல்லாமல் போவது வீண் அலைச்சல்.

மீன் பிடிப்பதற்கு முன் சட்டம். மிச்சிகன் பக்கத்தில் பாஸ் மீனைப் பிடித்த உடனே விட்டுவிடுவதாக இருந்தால் ஆண்டு முழுவதும் பிடிக்கலாம். 17 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு உரிமம் வேண்டும். செயின்ட் கிளேர் ஏரியிலும் அதன் இரு ஆறுகளிலும் மீனை வைத்துக்கொள்ளும் பருவம் ஜூன் மூன்றாம் சனிக்கிழமைதான் தொடங்குகிறது. ஒன்டாரியோ பக்கத்து விதி வேறு. தெற்கு ஒன்டாரியோவின் பெரும்பாலான தண்ணீரில் ஜூன் வரை பாஸ் பருவம் மூடியிருக்கும். மூடிய பருவத்தில் "பிடித்து விட்டுவிடுகிறேன்" என்று சொல்லியும் அந்த மீனைக் குறிவைத்துத் தூண்டில் போடக் கூடாது. டொராண்டோ பக்கத்து ஸ்கார்பரோவிலிருந்தும் மார்க்கத்திலிருந்தும் வார இறுதியில் குடும்பத்தோடு ஏரிக்குப் போகிற நம்மவர்கள் பலர் இதைக் கவனிப்பதில்லை. மண்டலத்துக்கு மண்டலம் தேதி மாறும் என்பதால் அந்த ஆண்டின் விதிப்புத்தகத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். ஏன் இந்தக் கெடுபிடி என்பது கூட்டைப் பற்றிப் பேசும்போது விளங்கும்.

டிகிரிக்கு டிகிரி மீன் எங்கே

தண்ணீர் 6 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருக்கும்வரை மீன் ஆழமான இடத்தில் கூட்டமாக அடைந்து கிடக்கும், அதிகம் சாப்பிடாது. 7, 8 டிகிரியில் அசையத் தொடங்கும். 10 முதல் 14 டிகிரிவரை உள்ள காலம்தான் பொற்காலம்: முட்டை நிறைந்த பெண்மீன்கள் ஆண்டிலேயே அதிக எடையோடு இருக்கும், கூட்டமாக நின்று ஆவேசமாகத் தின்னும். 15 டிகிரியைத் தாண்டியதும் ஆண்மீன்கள் கூடு தோண்டப் போய்விடும். 15 முதல் 18 டிகிரிக்குள் பெரும்பாலும் முட்டையிடுதல் நடக்கும். அமெரிக்கப் படகுக் கருவிகள் பாரன்ஹீட்டில் காட்டும். 50 என்று காட்டினால் 10 டிகிரி, 60 என்று காட்டினால் பதினைந்தரை. இந்த இரண்டு எண்ணையும் மனப்பாடம் செய்துகொண்டால் போதும்.

படகுக் கருவி காட்டுவது மேல்மட்டத் தண்ணீரின் சூடு என்பதை மறக்கக் கூடாது. காற்றில்லாத பிற்பகலில் மேலே 13 டிகிரி இருக்கும், இரண்டு மீட்டர் கீழே 9 டிகிரிதான் இருக்கும். மீன் நிற்பது கீழே. சாதாரண வெப்பமானி ஒன்றை ஈயக்குண்டோடு கயிற்றில் கட்டி, அடியில் இரண்டு நிமிடம் வைத்து, சட்டென்று இழுத்துப் பாருங்கள். இன்னொன்று: பிற்பகல் அளவை நம்பி முடிவெடுக்காதீர்கள். விடிந்ததும் எடுக்கும் அளவுதான் உண்மையைச் சொல்லும், ஏனென்றால் இரவில் குளிர்ந்தது போக மிச்சமிருப்பதை அது காட்டுகிறது. மூன்று நாள் காலை அளவு தொடர்ந்து ஏறியிருந்தால் மீன் மேலே நகர்ந்திருக்கும். பகலில் எவ்வளவு சூடானாலும் காலை அளவு ஏறவில்லையென்றால் மீன் பழைய இடத்திலேயே நிற்கும்.

எந்தப் பக்கம் முதலில் சூடாகும்? சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும் வடகோளத்தில், தெற்கு நோக்கிய வடகரைக்கு வெயில் அதிகம், வாடைக்கும் மறைவு. செயின்ட் கிளேரில் வடமேற்கு மூலையிலுள்ள ஆங்கர் விரிகுடா அதனால்தான் முதலில் உயிர் பெறுகிறது. அதற்குக் கிழக்கே செயின்ட் கிளேர் ஆறு பல கிளையாகப் பிரிந்து விழும் கழிமுகத்தில் ஹியூரான் ஏரியின் பனித்தண்ணீர் வந்துகொண்டே இருப்பதால் அங்கே பருவம் பின்தங்கும். ஒரு பக்கம் காலம் கடந்துவிட்டது என்று தோன்றினால் ஆற்றுத் தண்ணீர் வரும் பக்கம் நகர்ந்தால் மறுபடி வசந்தத்தின் தொடக்கம் கிடைக்கும். மே மாதம் முழுவதும் இந்த ஏரியில் இப்படி இடம் மாற்றி மாற்றி அதே பருவத்து மீனைத் தொடர முடியும்.

காற்று இரண்டு வேலை செய்யும். மேலே சூடான தண்ணீரைத் தான் வீசும் திசைக் கரையில் கொண்டுபோய்க் குவிக்கும், அது நல்லது. ஆனால் கொண்டல் காற்று நாள் முழுக்க அடித்தால் மிச்சிகன் பக்கத்து மேற்குக் கரை முழுவதும் கலங்கிச் சேறாகிவிடும். தெளிய ஒன்றிரண்டு நாள் ஆகும். ஸ்மால்மவுத் கண்ணால் பார்த்து வேட்டையாடும் மீன், கலங்கலில் அதற்குச் சோறில்லை. அந்த மாதிரி நாளில் கலங்கலும் தெளிவும் சந்திக்கும் கோட்டைத் தேடி, தெளிந்த பக்கத்தில் போடுங்கள்.

கரையைப் பார்க்காதீர்கள், வழியைப் பாருங்கள்

கூடு கட்டும் இடம் சரளை அல்லது கெட்டி மணல், பக்கத்தில் ஒரு பாறையோ மூழ்கிய மரமோ. குளிர்காலம் கழித்த இடம் ஆழம். இரண்டுக்கும் நடுவே மீன் தங்கித் தங்கி வரும். அந்தத் தங்குமிடங்களைப் பிடிப்பதுதான் வசந்த வேட்டையின் மொத்த வித்தையும். ஆழமான ஏரிகளில், கூடு கட்டும் திட்டுக்கு வெளியே தரை முதன்முதலாகச் சரியும் விளிம்பு, நீருக்குள் நீண்டுகிடக்கும் மூக்கு, அந்த மூக்கின் மேல் தனியாகக் கிடக்கும் பெரும்பாறை ஆகியவை தங்குமிடங்கள். நான்கு முதல் ஏழு மீட்டர் ஆழத்தில் தொடங்கித் தேடலாம்.

செயின்ட் கிளேர் போன்ற தட்டையான ஏரியில் அப்படிப்பட்ட சரிவே இருக்காது. அங்கே முப்பது சென்டிமீட்டர் ஆழ வித்தியாசம்கூட ஒரு விளிம்புதான். பனிக்காலத்தைத் தாண்டிப் பச்சையாக நிற்கும் பாசிக்கொடிப் படுகை, அதன் நடுவே வழுக்கைபோல் தெரியும் மணல் திட்டு, சேறு முடிந்து கெட்டித்தரை தொடங்கும் இடம் இவைதான் அடையாளம். கெட்டித்தரையில் ஈயம் தட்டினால் "டக் டக்" என்று கைக்கு வரும். சேற்றில் மெத்தென்று இழுபடும். அழுகிப் பழுப்பான பாசிக்கொடியில் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம், அது மீனுக்குப் பிடிக்காது.

குளிர் அலை வந்து தண்ணீர் இரண்டு மூன்று டிகிரி இறங்கினால் மீன் காணாமல் போனதுபோல் தோன்றும். உண்மையில் வந்த வழியிலேயே ஒரு தங்குமிடம் பின்வாங்கியிருக்கும், அவ்வளவுதான். நேற்று இரண்டு மீட்டரில் கிடைத்த மீன் இன்று அதே திசையில் வெளியே மூன்றரை மீட்டர் விளிம்பில் தரையோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். புது இடம் தேடி ஏரியைச் சுற்றுவது பெட்ரோலுக்குத்தான் கேடு.

ஆறுகளில் கணக்கு சற்று வேறு. வெள்ளம் இறங்கிக்கொண்டிருக்கும்போது வேகமான நீருக்கும் தேங்கிய நீருக்கும் நடுவே தெரியும் கோட்டில், தேங்கிய பக்கத்தில் மீன் நிற்கும். வெள்ளம் ஏறிக்கொண்டிருக்கும் நாளில் வீட்டிலேயே இருந்துவிடலாம்.

நேரத்தைப் பொறுத்தவரை, விடியற்காலை மீன்பிடி என்ற பழக்கத்தை வசந்தத் தொடக்கத்தில் தள்ளிவையுங்கள். 10 டிகிரிக்குக் கீழே பிற்பகல் ஒன்றிலிருந்து ஐந்து மணிவரைதான் சிறந்த நேரம். தண்ணீர் 13, 14 டிகிரி ஆனபிறகு காலையும் நன்றாக வரும்.

உளுவையும் மட்டியும் மாற்றிய ஏரி

எந்தப் பொய் இரை என்ற கேள்விக்குப் பதில் சொல்லும் முன் மீன் எதைத் தின்கிறது என்று தெரிய வேண்டும். 1988-இல் இந்த செயின்ட் கிளேர் ஏரியில்தான் வட அமெரிக்காவில் வரிக்குதிரை மட்டி முதலில் கண்டுபிடிக்கப்பட்டது. கப்பல்கள் சமநிலைக்காக அடியில் நிரப்பிவரும் நீரில் ஐரோப்பாவிலிருந்து வந்தது அது. 1990-இல் செயின்ட் கிளேர் ஆற்றில் ரவுண்ட் கோபி என்ற சிறுமீன் தென்பட்டது. நம் ஊர்க் கழிமுகங்களில் தரையோடு தத்தித் திரியும் உளுவையின் உறவினம்தான் இது, இதற்கும் நீந்துவதைவிடத் தரையில் உட்கார்ந்திருப்பதுதான் பிடிக்கும். மட்டி தண்ணீரை வடிகட்டித் தெளியவைத்தது. உளுவை மட்டியைத் தின்று பெருகியது. ஸ்மால்மவுத் உளுவையைத் தின்று கொழுத்தது. இன்று பேரேரிகளில் கிடைக்கும் பெரிய ஸ்மால்மவுத்களின் வயிற்றில் பெரும்பங்கு இந்த உளுவைதான்.

இதிலிருந்து மூன்று முடிவு. தரையில் இழுபடும் பழுப்புப் பச்சை இரைக்கு என்றும் மதிப்பு உண்டு. தண்ணீர் தெளிவாக இருப்பதால் தடித்த தூண்டில் நரம்பு போட்டால் மீன் ஒதுங்கும். மட்டி ஓடு கத்திபோல் நரம்பை அறுக்கும் என்பதால் கடைசி ஒரு மீட்டரை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். சொரசொரப்பு தட்டுப்பட்டால் வெட்டிவிட்டுப் புது முடிச்சு போடுங்கள். ஆண்டின் பெரிய மீன் அறுத்துக்கொண்டு போவதற்குப் பத்தில் எட்டுத் தடவை காரணம் சோம்பலால் விட்டுவைத்த அந்தச் சொரசொரப்புதான்.

ஜெர்க்பெய்ட்

7 டிகிரியிலிருந்து 13 டிகிரிவரை இதற்கு இணை இல்லை. சுமார் 11 சென்டிமீட்டர் நீளம், ஒல்லியான சிறுமீன் வடிவம், இழுப்பதை நிறுத்தினால் மேலேயும் போகாமல் கீழேயும் போகாமல் அந்தரத்தில் நிற்கும் வகை. மெகாபாஸ் விஷன் 110, ரபாலா ஹஸ்கி ஜெர்க் போன்றவை எளிதில் கிடைக்கும். சராசரியாக ஒன்றரை இரண்டு மீட்டர் ஆழம் இறங்கும். மூன்று மீட்டருக்கு மேல் ஆழமிருந்தால் நீண்ட உதடு வைத்த, இன்னும் கீழே இறங்கும் வகையை எடுங்கள். தெளிந்த நீரில் வெயில் நாளுக்கு வெள்ளி, கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும் நிறங்கள். மேகமூட்டத்துக்கு வெள்ளையும் மஞ்சள் கலந்த பெர்ச் மீனின் நிறமும்.

தூண்டில் கோல் 6 அடி 8 அங்குலத்திலிருந்து 7 அடிக்குள், நடுத்தர வலு. நரம்பு 10 பவுண்ட் தாங்கும் ஃப்ளூரோகார்பன் வகை. கோல் நுனியைத் தண்ணீர் நோக்கித் தாழ்த்திப் பிடித்து, நரம்பு தளர்ந்திருக்கும்போது சுண்ட வேண்டும். இதுதான் பலருக்குக் கைவராத இடம். இறுக்கமான நரம்பில் இழுத்தால் இரை நேராக முன்னே ஓடிவரும், அவ்வளவே. தளர்ந்த நரம்பில் மணிக்கட்டால் சுண்டி, உடனே நுனியை முன்னே விட்டால் இரை பக்கவாட்டில் வெட்டித் திரும்பி, அடிபட்ட மீன்போல் தள்ளாடி நிற்கும். சுண்டு, சுண்டு, நிறுத்து. அந்த "நிறுத்து"வில்தான் மீன் கடிக்கிறது.

எவ்வளவு நேரம் நிறுத்துவது? 7, 8 டிகிரியில் பத்து முதல் இருபது வினாடி. வாய்விட்டு எண்ணுங்கள், மனதுக்குள் எண்ணினால் இருபது என்பது எட்டாகிவிடும். 10 டிகிரியில் ஐந்து வினாடி. 13 டிகிரியில் ஒன்றிரண்டு வினாடி போதும். மீன் பின்னால் வந்து பார்த்துவிட்டுத் திரும்பினால் நிறுத்தும் நேரத்தை மாற்றுங்கள், நிறத்தை மாற்றுவது அதற்குப் பிறகு.

கடி பெரும்பாலும் கையில் தட்டாது. அடுத்த சுண்டலில் ஈரத்துணி மாட்டியதுபோல் கனக்கும், அல்லது தளர்ந்து கிடக்கும் நரம்பு மெல்ல நகரும். ஓங்கி இழுக்காமல் கோலைப் பக்கவாட்டில் சாய்த்து ரீலைச் சுற்றினால் போதும், மூன்று கிளை முள் தானே ஏறும்.

ஒரு நுணுக்கம். கடையில் "அந்தரத்தில் நிற்கும்" என்று எழுதி விற்பது எல்லாத் தண்ணீரிலும் அப்படி நிற்காது. குளிர்ந்த நீருக்கு அடர்த்தி அதிகம் என்பதால், வெதுவெதுப்பான நீரில் அசையாமல் நின்ற இரை 8 டிகிரி நீரில் மெல்ல மேலே எழும்பலாம். இருபது வினாடி நிறுத்தும்போது இது பெரிய பிசகு. படகின் ஓரத்தில் இரையை முழங்கை ஆழத்தில் நிறுத்திப் பாருங்கள். எழும்பினால் முன் முள் தொங்கும் இடத்துக்குப் பக்கத்தில், வயிற்றில், பசையுள்ள சிறு ஈயப்பட்டையை ஒட்டுங்கள். வாலருகே ஒட்டினால் மூக்கு தூக்கிக்கொள்ளும். தலை சற்றே தாழ்ந்து, மிக மெதுவாக அமிழும் நிலைதான் வேண்டியது.

ட்யூப்

படகில் ஒரே ஒரு இரைதான் எடுத்துப்போகலாம் என்றால் பேரேரிகளில் பலர் இதைத்தான் எடுப்பார்கள். அது சரியான தேர்வு. மூன்றரை அங்குல உள்ளீடற்ற பிளாஸ்டிக் குழாய், வால்பக்கம் நார் நாராகத் தொங்கும். உளுவைக்கும் நன்னீர் இறால்களுக்கும் இதைவிட எளிய போலி கிடையாது. நிறம் பூசணிப் பச்சை, பழுப்பு, புகை நிறத்தில் ஊதாப் பொட்டு.

குழாய்க்குள்ளே நுழையும் நீண்ட ஈயத்தலை முள்ளை எடுங்கள். மூன்று மீட்டர்வரை கால் அவுன்ஸ், அதற்கு மேல் ஆழத்திலோ காற்றிலோ 3/8 அவுன்ஸ். ஈயத்தலையை ஈரமாக்கி, நார்ப்பக்கத் திறப்பின் வழியே தலையை உள்ளே தள்ளி, மூக்கு முனைவரை கொண்டுபோய், நரம்பு கட்டும் வளையத்தை மட்டும் பிளாஸ்டிக்கைத் துளைத்து வெளியே எடுங்கள். முள் வளைவு குழாயின் நடுக்கோட்டில் வெளியே வர வேண்டும். கோணலாக வந்தால் இழுக்கும்போது சுழன்று நரம்பை முறுக்கும்.

கோல் 7 அடி, நடுத்தர வலு ஸ்பின்னிங். 2500 அளவு ரீல். 10 பவுண்ட் பின்னல் நூல், அதன் நுனியில் 8 அல்லது 10 பவுண்ட் ஃப்ளூரோகார்பன் லீடர் (நுனி நரம்பு) இரண்டு மீட்டர். இணைப்புக்கு எஃப்ஜி முடிச்சு மெல்லியது, வளையத்தில் சிக்காது. குளிரில் விரல் மரத்து அதைப் போட வராவிட்டால் இரட்டை யூனி முடிச்சு போதும்.

காற்று படகைத் தள்ள, பின்னால் ட்யூபைத் தரையில் இழுத்துக்கொண்டே போவதுதான் முறை. தூக்கித் தூக்கிக் குதிக்கவிடுவது கோடையில் சரி. குளிர்ந்த நீரில் தரையைவிட்டு எழாமல் ஊர்ந்தால்தான் கடிக்கும். மனிதர் மெதுவாக நடப்பதில் பாதி வேகம், அதாவது மணிக்கு ஒன்றரை இரண்டு கிலோமீட்டருக்குள் படகு நகர வேண்டும். அதற்கு மேல் போனால் ட்யூப் தரையைவிட்டு எழும்பி மிதந்துவரும், கைக்குத் தட்டல் எதுவும் வராது. அப்போது இன்னும் நரம்பு விடுவதில் பலனில்லை. நீருக்குள் குடைபோல் விரிந்து படகை இழுத்துப்பிடிக்கும் நீர்க்குடை ஒன்றைப் படகின் பக்கத்தில் கட்டி வேகத்தைக் குறையுங்கள், அல்லது ஈயத்தைக் கூட்டுங்கள். நூலில் பாசி சிக்கிக்கொண்டே இருந்தால் மாறாக ஈயத்தைக் குறைக்க வேண்டும். ஒரு மீன் மாட்டிய இடத்தைக் கருவியில் குறித்துவைத்து, காற்றுக்கு மேல்பக்கம் சுற்றிப்போய், அதே கோட்டில் திரும்ப வாருங்கள். 10 முதல் 14 டிகிரி காலத்தில் ஒரு மீன் தனியாக நிற்பது அபூர்வம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். காற்றே இல்லாத, கண்ணாடிபோல் தெளிந்த நாளில் நெட் ரிக்: காளான் வடிவ ஈயத்தலை, 1/10 முதல் 1/6 அவுன்ஸ், இரண்டே முக்கால் அங்குலத் துண்டுப்புழு. கன்சாஸைச் சேர்ந்த நெட் கேடியின் பெயரால் வழங்கும் முறை இது. போட்டு, தரை தொட்டதும், ஒன்றும் செய்யாமல் மெல்லச் சுற்றினாலே போதும். இதற்கு விற்கும் மிதக்கும் எலாஸ்டெக் பிளாஸ்டிக்கை வேறு பிளாஸ்டிக் புழுக்களோடு ஒரே பெட்டியில் போடாதீர்கள், ஒன்றோடொன்று உருகிக் கூழாகிவிடும். 12 டிகிரிக்கு மேல் பரந்த திட்டைச் சீக்கிரம் துழாவ, கால் அவுன்ஸ் உருண்டைத்தலையில் மூன்று அங்குல ஸ்விம்பெய்ட் (நீந்தும் மீன்போன்ற மென்பிளாஸ்டிக் இரை), தரைக்கு அரை மீட்டர் மேலே ஒரே சீராக. 7 டிகிரிக்குக் கீழே ஆழத்தில் அரை அவுன்ஸ் பிளேடு பெய்ட் என்ற உலோகத் தகடு இரை, ஒரு சாண் மட்டும் தூக்கி இறக்க வேண்டும். மாரபு இறகு கட்டிய 1/16 அவுன்ஸ் ஹேர் ஜிக் மிக மெதுவான சுற்றலுக்கு அருமையானது, ஆனால் நீண்ட மெல்லிய கோலும் 6 பவுண்ட் லீடரும் இல்லாமல் அதை வீசவே முடியாது.

கூடு

15 டிகிரி தாண்டியதும் ஆண்மீன் வாலால் விசிறி, சேற்றை ஒதுக்கி, சரளை தெரிய வட்டமாகக் கூடு தோண்டும். சாப்பாட்டுத் தட்டைவிடச் சற்றுப் பெரியதிலிருந்து ஒரு மீட்டர்வரை அகலம். மேலிருந்து பார்த்தால் கருந்தரையில் வெளிறிய வட்டமாகத் தெரியும். பெண்மீன் வந்து முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். காவல் முழுக்க ஆணுடையது. முட்டை பொரிய, நீரின் சூட்டைப் பொறுத்து, ஏறக்குறைய நான்கிலிருந்து பத்து நாள். பிறகு கறுத்த குஞ்சுக்கூட்டம் கூட்டின் மேலே புகைபோல் எழும். அவை சிதறிப் பிழைக்கும்வரை இன்னும் சில வாரம் அவன் அங்கேயே சுற்றிக்கொண்டிருப்பான். அந்த நாட்களில் அவன் ஒழுங்காகச் சாப்பிடுவதுகூட இல்லை.

கூட்டின்மேல் எது வந்து விழுந்தாலும் அவன் கவ்வுவான். பசியால் கவ்வுவதில்லை, பகையை வாயில் தூக்கி அப்பால் போடுவதற்காகக் கவ்வுகிறான். அதனால்தான் கூட்டிலிருக்கும் மீனைப் பிடிப்பது அவ்வளவு சுலபம், அதனால்தான் அதைச் செய்யக் கூடாது என்பதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. அவனைப் படகுக்குத் தூக்கிய சில நிமிடத்துக்குள் சுற்றி நிற்கும் உளுவைகள் முட்டையை மொய்த்துவிடும். திரும்பப் போய்ச் சேர்ந்தாலும், களைத்துப்போய் முட்டையும் குறைந்த கூட்டை அவன் கைவிட்டுவிடக்கூடும். பிடித்த இடத்திலேயே விட்டாலும் இழப்பு இழப்புதான். தூரத்தில் கொண்டுபோய் விட்டால் அந்தக் கூடு அநேகமாக முடிந்தது. வடக்கத்திய குளிர் ஏரிகளில் ஒரு ஸ்மால்மவுத் 18 அங்குலம் வளர எட்டுப் பத்து ஆண்டுகள் ஆகலாம். ஜூன்வரை பருவத்தை மூடிவைக்கும் விதியின் பின்னால் இருப்பது இந்தக் கணக்கு.

வெளிறிய வட்டங்கள் தெரிந்தால் படகைத் திருப்பி, வெளியே இருக்கும் விளிம்புக்குப் போங்கள். கூட்டுக்கு இன்னும் வராத பெண்மீன்கள் அங்கே நிற்கும், பெரியவையும் அவைதான். அல்லது முன்னே சொன்னபடி குளிர்ந்த நீர் வரும் பக்கத்துக்கு மாறுங்கள்.

முட்டை சுமக்கும் மீன் என்பதால் கையாளுவதிலும் கவனம் வேண்டும். ரப்பர் வலை, முள்ளின் எதிர்க்கொக்கியை இடுக்கியால் நசுக்கிவிடுதல், கையை நனைத்துக்கொண்டு தொடுதல். கீழ்த்தாடையைப் பிடித்துச் செங்குத்தாகத் தொங்கவிடாமல் மறுகையால் வயிற்றைத் தாங்குங்கள். நீருக்கு வெளியே அரை நிமிடத்துக்கு மேல் வேண்டாம். படகின் தரைவிரிப்பில் போட்டால் மேலிருக்கும் வழவழப்பு உரிந்து பூஞ்சை பிடிக்கும். ஒன்பது மீட்டருக்கு மேல் ஆழத்திலிருந்து தூக்கிய மீனுக்குக் காற்றுப்பை உப்பிக் கவிழ்ந்து மிதக்கும். அந்த ஆழத்தில் மீன்கள் கடிக்கத் தொடங்கினால் இடத்தை மாற்றுவதுதான் நல்லது.

உங்கள் உயிரும் இதில் சேர்த்தி. காற்று 20 டிகிரி வெயிலாக இருக்கும், தண்ணீர் 8 டிகிரியில் இருக்கும். விழுந்தால் முதல் ஒரு நிமிடம் மூச்சு கட்டுக்கு வராது, அடுத்த பத்து நிமிடத்துக்குள் கைகால் சொன்னபடி கேட்பது நின்றுவிடும். நீச்சல் தெரியும் என்பது அங்கே உதவாது. மிதவை அங்கியை இருக்கைக்குக் கீழே வைக்காமல் உடம்பில் போட்டிருங்கள். கரையை விட்டுக் கிளம்பும் முன் திரும்பி வரும் நேரத்தை வீட்டில் ஒருவரிடம் சொல்லிவையுங்கள்.

ஜூன் மூன்றாம் வாரம், தண்ணீர் 20 டிகிரியைத் தொடும்போது, குஞ்சுகள் சிதறிவிட்டிருக்கும். முட்டையிட்டு ஓய்ந்த பெண்மீன்கள் மூன்று முதல் ஐந்து மீட்டர் ஆழப் பாசி விளிம்பில் மறுபடி தின்னத் தொடங்கும், சில வாரம் பட்டினி கிடந்த ஆண்களும் வந்து சேரும். ஒன்டாரியோ பக்கத்தில் பருவம் திறப்பதும் ஏறக்குறைய அப்போதுதான். அதே ட்யூப், அதே நிறம். இந்த முறை தரையிலிருந்து ஒரு சாண் தூக்கிக் குதிக்கவிடலாம்.